சீட்டைக் கழற்றச் சொன்னார்கள்

நீந்துவதும் ஓடுவதும் கௌரிக்குச் சுலபம். சைக்கிள்தான் அவளை வதைத்தது. கனடாவுக்குப் போன ஒன்றுவிட்ட தமையன் விட்டுச்சென்ற ரேசிங் சைக்கிள், ஆறடி ஆளுக்கு வாங்கியது. வெள்ளவத்தையிலிருந்து மொரட்டுவை வரை போய்த் திரும்பினால் இடது முழங்கால் வீங்கும், உள்ளங்கை மரத்துப்போகும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்கோ பெயர் கொடுத்தாகிவிட்டது. சைக்கிள் கடையில் சீட்டை இறக்கிப் பார்க்கச் சொன்னார்கள். இறக்கினாள். வலி கூடியது.

அவளோடு நீந்தும் பஹ்மியா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சைக்கிளைக் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு விறாந்தைக்கு எடுப்பித்து, கௌரியை ஏற்றிச் சுவரில் சாயவைத்து, முழங்காலிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். சீட்டை உயர்த்தி முன்னுக்குத் தள்ளினாள். ஆனாலும் ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. அதைச் சட்டத்தோடு இணைக்கும் கழுத்துத் துண்டு குட்டையானதாக வேண்டும். கொழும்பில் எந்தக் கடையிலும் இல்லை. கப்பலில் வேலை செய்த பஹ்மியாவின் கணவர் பாயிஸ் சிங்கப்பூரிலிருந்து ஒன்றைக் கொண்டுவரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதைப் பூட்டிய அன்று பஹ்மியா சொன்னாள்: "இப்பதான் இது ஒங்கட சைக்கிளா ஈக்கி. இனி ஒரு நூலளவும் அசைக்க வாணாம்."

வலியே இல்லாமல் மிதித்துக்கொண்டு திரும்பியவளைக் கோட்டைப் பகுதி இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எங்கோ சைக்கிளில் குண்டு வெடித்திருந்த வாரம் அது. குழாய்க்குள் பார்க்க வேண்டும், சீட்டைக் கழற்று என்றான் சிப்பாய். அவள் சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தாள். அவன் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, கைக்கு வந்த உயரத்தில் சொருகிக் கொடுத்தான். வீடு சேர்வதற்குள் முழங்கால் பழைய முழங்காலாகியிருந்தது.

அடுத்த முறை உயரம் தவறாதிருக்கச் சீட்டுத் தண்டில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு இழுத்தார்கள். அந்தக் கோடே வினையாயிற்று. அடுத்த சாவடியில், என்ன அடையாளம், யார் போடச் சொன்னது என்று அவளைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். நான் உட்காரும் உயரம் என்று எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை. பஹ்மியா வந்து பொறுப்பெடுத்த பிறகுதான் விட்டார்கள். அதற்குள் கோட்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

போட்டிக்குப் போகும் வழியிலும் ஒரு சாவடி. சின்னப் பெடியன் போன்ற சிப்பாய், மரியாதையாகத்தான் கழற்றினான். திரும்பப் பூட்டும்போது, ஆடாமல் இருக்கட்டும் என்று திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கினான். அதன் புரி தேய்ந்து, சீட்டு பிடித்து நிற்காமல் போயிற்று. வெற்றி கிடைக்கட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினான். கோபப்படக்கூட அவளுக்கு ஆள் இல்லை.

கடலிலிருந்து முன்வரிசையில் ஏறியவள், சைக்கிளில் ஒவ்வொரு குழிக்கும் சீட்டோடு கீழே இறங்கினாள். முழங்கால் நெஞ்சில் இடிக்க இடிக்க மிதித்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தாண்டிப் போனார்கள். சைக்கிளை விட்டு இறங்கியபோது கால் நிமிரவில்லை.

பஹ்மியா ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி வைத்து, வருகிற ஞாயிறு சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னாள்.

"எத்தினை தரம் பஹ்மியா? நாங்கள் வைக்க வைக்க அவங்கள் கழட்டுவாங்கள்."

பஹ்மியா ஐஸை அழுத்திப் பிடித்தாள். கொஞ்சம் கால் நிமிர்ந்ததும் கௌரி எழுந்து, மிச்சமிருந்த ஓட்டத்தை நடந்தாவது முடிக்கலாமா என்று போட்டி நடத்துபவர்களிடம் கேட்கப் போனாள். அங்கே ஓட்டப் பாதைக்குக் கட்டிய கயிறுகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள்.