உபரியும் ஊப்ரியும்

காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தால், மாலை வீட்டுக்குப் போகும் வரை கிரிஜா தண்ணீர் குடிக்க மாட்டாள். விரதம் ஒன்றும் இல்லை. புனேயின் கசார்வாடியில் அவள் வேலை பார்த்த பட்டறையில் பெண்களுக்கான கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அவசரம் என்றால் பழைய மும்பை ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கும் உடுப்பி ஹோட்டலுக்குப் போக வேண்டும். சும்மா போனால் கல்லாவில் இருப்பவர் முறைப்பார். அதனால் ஒரு டீயாவது வாங்க வேண்டும். டீ குடித்தால் மறுபடியும் அவசரம் வரும்.

பித்தளை நட்டுகள் செய்யும் பட்டறை அது. பேக்கிங் பிரிவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கழிப்பறைக் கதவில் சிவப்பு பெயிண்டில் 'லேடீஸ்' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. போன வருடம் நட்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தபோது எழுதியது. அன்று ஒரு நாள் கதவு திறந்தது. உள்ளே சோப்பு இருந்தது, ரோஜா வாசனைகூட அடித்தது. வந்தவர்கள் காரில் ஏறியதும் சூப்பர்வைசர் ஜெயசீலன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் ஸ்கூட்டர் சாவியோடு கோத்துக்கொண்டார்.

"உள்ள பைப் ஜாம்" என்றார். கேட்டபோதெல்லாம் அதையேதான் சொன்னார்.

கிரிஜாவோடு பேக்கிங்கில் இருந்த பவுன் அக்காவுக்கு மார்ச் மாதமே நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்து எழுந்தாயிற்று. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்.

"குடிக்கச் சொன்னாரே, எங்க போவணும்னு சொன்னாராட்டி?" என்று கேட்டாள் பவுன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து முப்பது வருடமாகியும் அவள் பேச்சு மட்டும் ரயில் ஏறவில்லை.

இந்த வருட மே தினத்துக்கு விஷயத்தைக் கிளப்பிவிடுவது என்று கிரிஜா முடிவு செய்தாள். மகாராஷ்டிராவில் மே ஒன்றாம் தேதி மாநிலம் பிறந்த நாளும்கூட. விடுமுறை எதற்கு என்று யாரும் விசாரிப்பதில்லை. ஸ்டேஷன் பக்கத்துத் தமிழர் மன்றத்தில் அன்றைக்கு ஒரு கூட்டமும், ஷீரா என்கிற ரவை கேசரியும் உண்டு. பேச வருபவள் டானியா. விமான் நகரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். அவளுடைய அப்பா சிரில், பழைய யூனியன்காரர். மகனுக்கு கார்ல், மகளுக்கு டானியா என்று பெயர் வைத்து, இரண்டு பேரையும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கும் அனுப்பியவர்.

கிரிஜா போன் செய்தாள். "மேடம், எங்க பாத்ரூம் விஷயத்த கூட்டத்துல போட்டு உடைங்க."

"கண்டிப்பா சொல்றேன். பட் உபரியிலேர்ந்து, இங்கிலாந்துலேர்ந்து ஸ்டார்ட் பண்ணணும். அப்பதான் ஏன் பூட்டு போட்டாங்கன்னு புரியும்" என்றாள் டானியா.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸப் குழுவில் அவளுடைய குரல் வந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் எல்லா அறிவிப்பும் குரலில்தான். கிரிஜா ஸ்பீக்கரில் போட்டாள். "மே தினக் கூட்டம். தலைப்பு, உபரி யாருக்குப் போகிறது? அனைவரும் வருக."

டப்பாவைத் திறந்துகொண்டிருந்த ஜெயசீலனின் கை நின்றது.

புனேயில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'உபரி' என்ற தமிழ்ச் சொல்லோடு பழக்கமில்லை. 'ஊப்ரி' நன்றாகத் தெரியும். ஹிந்தியில் ஊப்ரி என்றால் சம்பளத்துக்கு மேலே, மேஜைக்குக் கீழே வருவது. கிரிஜாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பாத்ரூமைப் பற்றிப் பேசச் சொன்னால் இந்த மேடம் லஞ்சத்தைப் பற்றிப் பேசப் போகிறாளே என்று அவளுக்கு வருத்தம்.

ஜெயசீலன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். "என்னா கிரிஜா, அந்த மேடம் எல்லாரோட ஊப்ரியும் சொல்லுவாங்களா?"

"உலகம் பூரா சொல்லுவாங்களாம்ணே. இங்கிலாந்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க."

"கசார்வாடி வருமா?"

"கடைசியில கசார்வாடிதான்."

அன்று சாயங்காலம் பேக்கிங் பிரிவுக்கு வடா பாவ் வந்தது. ஜெயசீலன் வாங்கிக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் காசில் அரை கிளாஸ் கட்டிங் சாய்கூடக் குடித்தறியாத பவுன், வடாவைப் பிட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

மே ஒன்றாம் தேதி மன்றத்தின் தகரக் கூரை காலையிலேயே கொதித்தது. முன்வரிசையில் பட்டறை முதலாளி அருணாச்சலம். எல்லோரும் அவரை சேட் என்றுதான் கூப்பிடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து லேத் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக லேத் வாங்கியவர். மன்றத்தின் தலைவரும் அவரே, ஷீராவுக்கு நெய் கொடுத்தவரும் அவரே. அவருக்குப் பின்னால் ஜெயசீலன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டானியா கையில் ஒரு பித்தளை நட்டு இருந்தது. "இது நம்ம கிரிஜா அக்கா பேக் பண்ற நட்" என்று ஆரம்பித்தாள். "இதுல இருக்கிற காப்பரை, அதான் செம்பை, ஆப்பிரிக்காவுல ஒருத்தர் தோண்டியிருக்கலாம். ஆனா செம்புக்கு ரேட் லண்டன்ல முடிவாகுது. தோண்டினவரை யாரும் கேக்கல. அந்தக் காலத்துல நம்ம தக்காணத்துப் பருத்தியும் இப்படித்தான் இங்கிலாந்து மில்லுக்குப் போச்சு. வெதைச்சவங்க கையில மிஞ்சினது கடன். ஜமானா மாறிச்சு, ரூட் மாறல."

சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. கிரிஜா மட்டும் பாத்ரூம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

டானியா நட்டை உயரே பிடித்தாள். "இப்ப சொல்லுங்க. இந்த ஒரு நட்ல, உபரிய எடுத்தது யாரு?"

டானியா பதிலுக்காகக் கண்ணை ஒவ்வொரு வரிசையாக ஓட்டினாள். அது இரண்டாவது வரிசைக்கு வந்தபோது ஜெயசீலன் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், நட்டை நான் தொட்டதே இல்ல. சுருள் மட்டும்தான்."

"சுருளா?"

"லேத்துல கடையும்போது விழுமே, பித்தளைச் சுருள். அதுவும் கொஞ்சம்தான். பசங்க படிப்புக்கு."

அருணாச்சலம் நாற்காலியோடு திரும்பினார். "ஏம்ப்பா, என்ன சொல்றே? என்ற சுருளையா வித்துப்போட்டே?"

டானியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணா, நான் உபரின்னு கேட்டேன்."

"நானும் அதத்தான மேடம் சொல்றேன். ஊப்ரி."

டானியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினாள். "ஊப்ரி இல்லண்ணா, உபரி. நீங்க நாள் பூரா வேலை செய்றீங்க. உங்க கூலிக்கு ஈடான வேலை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுபோகுதுன்னு வைங்க. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் செய்றது? அது உபரி. அது மேல போகுது. அத எடுத்துக்கிறதுக்குச் சட்டம் உண்டு, பில் உண்டு, ஜிஎஸ்டி உண்டு."

பவுன் பின்வரிசையிலிருந்து சத்தமாகவே சொன்னாள். "அப்பிடின்னா ஜெயசீலன் எடுத்தது ஊப்ரி. சேட் எடுத்தது உபரி. ரெண்டுக்கும் இழுப்புலதாம் வித்தியாசம்."

மன்றம் முழுவதும் சிரித்தது. ஜெயசீலனைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த அருணாச்சலத்தின் முகம் மாறியது.

"எனக்கெங்கம்மிணி உபரி?" என்று அவர் டானியாவிடம் முறையிட்டார். "வெளிநாட்டுக்காரன் வருசா வருசம் ரேட்டைக் கொறைக்கறானுங்க. மாட்டேன்னா வியட்நாம்ல வாங்கிக்கறேங்கறான்."

"அங்கிள், என் பேச்சோட செகண்ட் ஹாஃப் அதுதான்" என்றாள் டானியா. "நீங்களே சொல்லிட்டீங்க. தேங்க்யூ."

அவருக்கு அதில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கோபத்தை ஜெயசீலன் பக்கமே திருப்பினார். "மூட்டையெல்லாம் எங்கடா வெச்சிருக்கே?"

"லேடீஸ் பாத்ரூம்ல, சேட்."

கிரிஜா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பைப் ஜாம்னீங்களேண்ணே?"

ஜெயசீலன் மறுபடியும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னான்" என்றார் அருணாச்சலம்.

"நீங்க ஒரு தடவ தெறந்து பாத்தீங்களா சேட்? போன வருஷம் அந்த வெள்ளைக்காரம்மா வந்தப்ப தண்ணி ஊத்திப் பாத்தாங்க, ஜோரா போச்சு. அவங்க வந்தா பைப் நல்லாருக்கு. நாங்க கேட்டா ஜாம். பவுன் அக்கா காய்ச்சல்ல படுத்ததும் அதனாலதான்."

"சரி கண்ணு, திங்கக்கெழமை பேசிக்கலாம். லீவு நாள்ல எதுக்கு?"

"திங்கக்கெழம நாங்க தண்ணி குடிக்கணும். சாவி இன்னிக்கே வேணும்."

"எல்லாரும் அடிக்கடி எந்திரிச்சுப் போனா வேலை எப்படி நடக்கும்?" என்று கேட்டார் அவர், கொஞ்சம் தணிந்த குரலில்.

"இப்ப ரோட்டத் தாண்டி ஹோட்டலுக்குப் போய் டீ குடிச்சுட்டு வர்றோமே, அது எவ்வளவு நேரம்?"

ஷீராத் தட்டோடு மன்றமே அருணாச்சலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஜூன்ல அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க திரும்ப வர்றாங்க இல்ல?" என்று, கிரிஜா சொல்லி அறிந்திருந்த டானியா, யாரிடமோ கேட்பதுபோல் கேட்டாள். அவர் ஜெயசீலன் பக்கம் கையை நீட்டினார். ஜெயசீலன் ஸ்கூட்டர் சாவி வளையத்தோடு போராடி, நகம் உடைந்து, அந்தச் சின்ன சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அது சேட்டின் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கிரிஜாவிடம் வந்தது.

"மூட்டையெல்லாம் நீங்களே வெளிய எடுத்து வெச்சிருங்க" என்றார் சேட்.

"எடுக்கலாம்" என்றாள் பவுன். "அது எங்க வேல இல்லல்லா, தனிக் கூலி உண்டுமா? இல்ல, அதுவும் உபரியா?"

அருணாச்சலம் டானியாவைப் பார்த்தார். "நல்லாத்தான் பாடம் நடத்தியிருக்கறே" என்றார்.

மூட்டைகளைக் கடைசியில் ஜெயசீலனே சுமந்து வெளியே வைத்தார். விற்ற சுருளின் பணத்தை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை கிரிஜா பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். பவுன் அதை வாங்கி, ஜெயசீலன் பார்க்கும்படியாக அண்ணாந்து, நிறுத்தி நிறுத்திப் பாதி பாட்டிலைக் குடித்தாள். பிறகு எழுந்து, 'லேடீஸ்' கதவைத் திறந்துகொண்டு போனாள். நிதானமாகத் திரும்பி வந்தாள். முகம்கூடக் கழுவியிருந்தாள்.

ஜெயசீலன் வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதிக்கிடும்" என்றாள் பவுன், பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "மத்தியானத்துக்கு மேல உள்ள உபரியில கழிச்சிக்கிடும்."

கிரிஜா மீதித் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.