டெல்மர் வாயைத் திறக்காத சனிக்கிழமை

டெல்மர் டிரைலிங்கைப் பேசாமல் இருக்கச் சொன்னது வேறு யாருமில்லை, பெற்ற பெண் கோராவேதான். இருபத்தாறு வருடமாக மேற்குக் கான்சாஸில் மாட்டு ஏலம் விடுகிற மனிதர் அவர். தூக்கத்தில்கூட விலை கூவுகிறார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள். அவரைப் போய் ஒரு நாள் முழுக்க வாயை மூடு என்றால் நடக்கிற காரியமா?

"ஏழே ஏழு விதிதான்ப்பா," என்றாள் கோரா. விவாதப் போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பிய ஒன்பது பக்க விதிமுறையை அப்பாவுக்காகச் சுருக்கி எழுதி, பிக்கப் வண்டியில் அவர் கண்ணெதிரே ஒட்டியிருந்தாள். "ஒண்ணு, பேசக் கூடாது. ரெண்டு, தலையாட்டக் கூடாது. மூணு, சிரிக்கவும் கூடாது, மொறைக்கவும் கூடாது. நாலு, தண்ணி விஷயத்துல உன்னோட சொந்த அபிப்பிராயத்த வீட்டோட வெச்சிட்டு வரணும்."

"எச்சிலாவது முழுங்கலாமா?"

"சத்தமில்லாம."

விஷயம் விளையாட்டில்லை. இத்தனை மாணவருக்கு இத்தனை நடுவரைப் பள்ளியே அழைத்து வர வேண்டும் என்பது சட்டம். கோராவின் பள்ளியில் ஒருவர் குறைந்தார்; டெல்மர் மாட்டிக்கொண்டார். நடுவர் ஏதாவது வம்பு செய்து வெளியேற்றப்பட்டால் அந்தப் பள்ளியின் பிள்ளைகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்கு சுற்றில் மூன்றை ஜெயித்தால் மாநிலப் போட்டி. கோராவுக்கு இது கடைசி வருடம். மூன்று வருடமாக ஒரே ஒரு வெற்றி குறைந்து நூலிழையில் தவறவிட்டவள்.

ஊர் தாண்டியதும் அவள் வழக்கம்போல் ஒத்திகையை ஆரம்பித்தாள். நிலத்தடி நீரை அரசே பங்கிட வேண்டும் என்பதுதான் இந்த வருடத் தலைப்பு. விவாதக்காரப் பிள்ளைகள் பேசுகிற வேகத்தைக் கேட்டால் சாதாரண மனிதனுக்குத் தலை சுற்றும். ஆறு நிமிடத்துக்குள் எத்தனை ஆதாரத்தைத் திணிக்க முடியுமோ அத்தனையையும் திணிப்பார்கள். ஆனால் டெல்மருக்கு அது தாலாட்டு மாதிரி. ஒரு சொல் விடாமல் காதில் விழும். ஐந்தாவது ஆதாரத்தில் மட்டும் அவள் 'கிணறுகள்' என்று வந்து சடாரென்று 'ஆகவே' என்று குதிப்பாள். நடுவில் எதுவோ விட்டுப்போன மாதிரி வாக்கியம் ஒட்டாமல் நிற்கும். அதுவும் இந்தத் தொழிலில் ஒரு சாமர்த்தியம் போலிருக்கிறது, என் பெண் கெட்டிக்காரி என்று அவர் மனசுக்குள் பூரித்துக்கொண்டார்.

போட்டி நடக்கிற பள்ளியில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. முதல் சுற்றில் அவருக்குக் கிடைத்தது வேறு பள்ளிப் பிள்ளைகள் இருவர். டெல்மர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு நிமிடம் போயிற்று. பேச்சு சூடு பிடித்தது, வேகம் ஏறியது, ஏலக்கூடத்து நெடி மூக்கில் அடிக்காத குறைதான். அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த பெண் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு ஒரு விரலைத் தூக்கித் தொலைத்தாள்.

"யெப்!" என்று டெல்மர் அலறினார்.

கூட்டத்தில் யாராவது விலை கேட்டு விரல் தூக்கினால் ஏலக்காரன் போடுகிற கூச்சல் அது. பேசிக்கொண்டிருந்த பையன் பயந்து தாளைக் கீழே போட்டான். அந்தப் பெண், "நான் தண்ணிதான் சார் கேட்டேன்," என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னாள்.

பத்தே நிமிடத்தில் டெல்மர் போட்டித் தலைவி ஆர்லிஸ் கூன்ஸ் முன்னால் நின்றார். நாற்பது வருடம் இலக்கணம் நடத்திய அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாலே போதும், எதிரே நிற்பவர் அடங்கிவிடுவார்.

"டெல்மர், இது பள்ளிக்கூடம். சந்தை இல்ல."

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"இன்னொரு தடவ தவறிச்சுன்னா நீங்க வெளிய. உங்க கூட உங்க பொண்ணும் வெளிய. புரிஞ்சுதா?"

புரிந்தது. அதற்கப்புறம் அந்த மனிதர் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! மத்தியானம் நடுவர்கள் அறையில் சில்லி என்கிற பீன்ஸ் கறிக் குழம்பும் சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள். தெரிந்த விவசாயிகள் இருவர் வந்து, கன்றுக்குட்டி விலை எப்படி, மழை வருமா என்று ஆசையாகக் கேட்டார்கள். டெல்மர் ரோலைச் சில்லியில் தோய்த்துத் தோய்த்து வாயை அடைத்துக்கொண்டார். "மனுஷனுக்கு உடம்புக்கு முடியல போல," என்று அவர்கள் நகர்ந்து போனார்கள்.

கோரா முதல் சுற்றில் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றிருந்தாள். கதவோரம் தலையை நீட்டி, விரலால் உதட்டைத் தொட்டுக் காட்டி எச்சரித்துவிட்டு ஓடினாள்.

மூன்றாவது சுற்றில் டெல்மர் முன் வந்து நின்றவன் பிரெஸ்டன் விட்மன். விச்சிட்டா நகருக்குப் பக்கத்துப் பெரிய பள்ளி, தைத்துப் போட்ட கோட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. எதிரே ஜோலீன் என்று ஒரு நிதானமான பெண். ஒவ்வொரு ஆதாரத் தாளிலும் வாசிக்கப் போகிற வரிகளுக்கு மஞ்சள் தீட்டி, நடுவருக்கும் எதிராளிக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும் என்பது போட்டி விதி. மஞ்சள் தீட்டியதெல்லாம் வாசித்ததாகக் கணக்கு. பிரெஸ்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். பலே, பையனுக்கு நல்ல நாக்கு என்று டெல்மரே ரசித்தார். ரசித்தவருக்கு நடுவில் நெருடியது. தாளைப் புரட்டிப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் ஆறு வரி மஞ்சளாக இருக்கிறது, காதில் விழவே இல்லை. நாலாம் பக்கத்தில் இன்னொரு நாலு வரி.

நாக்கு துறுதுறுத்தது. குறுக்கே பேசக் கூடாது. சுற்று முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, தீர்ப்புத் தாளில் எழுதினார்: 'பத்து வரி வாசிக்கவில்லை. வாசித்ததாகக் காட்டினான். ஜோலீனுக்கு வெற்றி.'

மறுபடியும் ஆர்லிஸ் அம்மாள் அறை. இந்தத் தடவை பிரெஸ்டனின் பயிற்சியாளரும் இருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இதற்குள் மூன்றாம் சுற்று எல்லா அறையிலும் முடிந்து பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். அந்தக் கும்பலில் கோராவும் இருந்தாள். அவளும் ஜெயித்திருந்தாள், இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"நிமிஷத்துக்கு முந்நூறு வார்த்த பேசறான் எங்க பையன்," என்றார் பயிற்சியாளர். "வருஷக்கணக்கா நடுவரா இருக்கற எனக்கே பாதி புரியாது. இந்த மாட்டு ஏலக்காரருக்கு எல்லாம் கேட்டுச்சாக்கும்? வீண் பழி போடற நடுவர வெளிய அனுப்பணும்னு உங்க விதியிலயே இருக்கு."

"இருக்கு," என்றார் ஆர்லிஸ் அம்மாள். "என்ன சொல்றீங்க டெல்மர்?"

டெல்மர் திருதிருவென்று விழித்தார். "இப்ப நான் பேசலாமாம்மா?"

"பேசுங்கன்னுதானே கேக்கறேன்!"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடைத்து வைத்த மடை திறந்துகொண்டது. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார், தொண்டையைச் செருமினார், பிரெஸ்டனின் ஆறு நிமிடப் பேச்சை முதல் சொல்லிலிருந்து அதே வேகத்தில் கொட்டினார். அவன் ஏறிய இடத்தில் ஏறினார், இறங்கிய இடத்தில் இறங்கினார். இரண்டாம் பக்கத்தில் அவன் இருமியதையும், "சாரி" என்று முனகியதையும், புள்ளிவிவரத்தில் நாக்குக் குழறியதையும் விடவில்லை. பயிற்சியாளர் தாளில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. நாலாம் பக்கத்தில் மறுபடியும் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"...முடிவாக இதுவே என் வாதம், நன்றி, ஒரு தரம், ரெண்டு தரம்..." என்று வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "மன்னிக்கணும். கடைசில வந்தது என்னோடது."

வாசலில் பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள். பிரெஸ்டன்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "அப்படியே நான்தான்! இருமல்கூட! ஆமாங்கம்மா, தாண்டினேன். யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன்."

"ஏன் தாண்டின?" என்று கேட்டார் ஆர்லிஸ் அம்மாள்.

"அந்த வரி வந்தா என் வாதம் கொஞ்சம் நொண்டும்."

டெல்மருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, ஏலத்துக்கு ஒத்தக் கண்ணு கிடேரி வரும். வெல கூப்பிடறதுக்கு முன்னாடி, 'இது ஒத்தக் கண்ணு'ன்னு மைக்ல சொல்லிடுவேன். சொல்லாம வித்தா அன்னிக்கே என் தொழில் போச்சு. இதுவும் அதுதானேப்பா?"

"அதேதான்," என்று அந்த அம்மாள் விதிப் புத்தகத்தைத் திறந்தார். "பதினொண்ணாம் விதி. வாசிக்காத வரிய வாசிச்சதா காட்டினா அந்தச் சுத்து தோல்வி."

டெல்மர் பெருமையாக வாசல் பக்கம் திரும்பினார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கோராவைத் தவிர. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. கிணறுகள், ஆகவே. கிணறுகள், ஆகவே. ஐயோ!

ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து நாலு வார்த்தை பேச அவர் மனம் அடித்துக்கொண்டது. ஆறாவது விதி குறுக்கே நின்றது: முடிவு வரும்வரை சொந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் போட்டியைப் பற்றிப் பேசக் கூடாது. ஆர்லிஸ் அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டெல்மர் வாயைத் திறந்தார், மூடினார். கோரா அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.

நாலாவது சுற்றில் அவருக்கு வேலை இல்லை. கோரா பேசுகிற அறைக்கு வெளியே, லாக்கர்களில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கதவு சாத்தியிருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் முணுமுணுப்பு. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முதல் சுற்றைப் போலவே இதிலும் அவள் தலைப்பை ஆதரிக்கிற பக்கம். அதே பேச்சு, அதே ஆதாரங்கள். மூன்று முடிந்தது, நான்கு முடிந்தது. ஐந்தாவது. வாழ்க்கையில் எந்த மாட்டுக்கும் அவர் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில்லை.

"...கிணறுகள்," என்றாள் கோரா. ஒரு கணம் நின்றாள். பிறகு மெதுவாக, கழுதை கேட்டாலும் புரிகிற வேகத்தில், "ஆனால் இந்தக் கணக்கு மழை பொய்த்த மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே, நல்ல மழை பெய்த ஆண்டுகளுக்கு இது பொருந்துமா என்று நாங்கள் ஆராயவில்லை. ஆகவே..."

டெல்மரின் தொண்டையில் "யெப்" கிளம்பிவிட்டது. தொப்பியைக் கழற்றி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது.

அந்தப் பக்கம் வந்த ஆர்லிஸ் அம்மாள் நின்றார். "என்ன டெல்மர், பசியா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். தலையாட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்ததும் அதையும் நிறுத்தினார்.

கோரா ஜெயித்துவிட்டாள். குறையைத் தானே சொல்லி அதற்கு மேல் வாதத்தைக் கட்டியது பிடித்தது என்று அந்த நடுவர் அங்கேயே அறிவித்தது கதவு வழியாகக் கேட்டது. மூன்று வெற்றி! மாநிலப் போட்டி! டெல்மர் உணவுக்கூடத்துக்குப் போய், சுவரில் முடிவுப் பட்டியல் ஒட்டுகிறவரை தொப்பியைப் பிழிந்துகொண்டு நின்றார். ஒட்டினார்கள். 'கோரா டிரைலிங்: வெற்றி இரண்டு.'

"யாரு எழுதினது இத?" முடிவு வந்தாயிற்று, இனி எந்த விதியும் அவர் வாயைக் கட்டாது. "எம் பொண்ணு மூணு ஜெயிச்சிருக்கா! எனக்குக் காது இல்லன்னு நெனச்சீங்களா?"

"உங்க காத இன்னிக்கு இந்த மாவட்டமே பாத்தாச்சு," என்றார் ஆர்லிஸ் அம்மாள். அவர் குரல் காலையில் இருந்த மாதிரி இல்லை. "அவ வண்டில இருக்கா. அவளையே கேளுங்க."

கோரா பிக்கப்பின் முன் சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் யாருடையதோ மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. டெல்மர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாவியைத் திருகவில்லை.

"ட்ரக்ல தெனமும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் வந்தியா?"

"ஒரு வார்த்த விடாம."

"அப்புறம் ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?"

"அது ஒரு சாமர்த்தியம்னு நெனச்சேன்டி. பெருமையா இருந்துச்சு."

கோரா அழுதாளா சிரித்தாளா என்று சொல்வது கஷ்டம். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "மொத சுத்துலயும் தாண்டித்தான் ஜெயிச்சேன். கடசிச் சுத்து முடிஞ்சதும் மிஸஸ் கூன்ஸ்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். அந்த வெற்றிய எடுத்துட்டாங்க."

டெல்மர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். மனசு ஒடிந்தும் போயிற்று, பூரித்தும் போயிற்று. மூன்று வருடம் அவள் தவமாகக் கிடந்த மாநிலப் போட்டி அது.

"ஒத்தக் கண்ணுன்னு மைக்ல சொல்லிட்டேன்ப்பா," என்றாள் கோரா. "அதான் ஏலம் போகல."

அவர் வண்டிக் கண்ணாடியை இறக்கினார். ஏலத்தில் விலை கேட்கிறவர் மாதிரி தொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"யெப்!"

சாலைக்கு அந்தப் பக்கம் மாடுகள் அத்தனையும் தலையைத் தூக்கிப் பார்த்தன.