வெறுங்கை நடை

சர்க்கரை இப்படியே ஏறினால் கண் போய்விடும், தினமும் ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்க வேண்டும் என்று ராஜபாளையம் டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் நாளெல்லாம் டைப் அடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே கூமாப்பட்டி வந்து, அவளைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப் போவது என் வேலையானது.

அம்மா எங்கே நடந்தாள்? பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து புல் அறுத்தாள். எங்கள் வீட்டில் இப்போது மாடே கிடையாது. நாலாம் நாள் அரிவாளைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டுக் கூட்டிப் போனேன்.

எதிரே வந்த தவசிமுத்துச் சித்தப்பா சைக்கிளை நிறுத்தினார். “என்ன மதினி, வெறுங்கையா? அண்ணங்கூட சண்டை போட்டுட்டுப் பொறந்த ஊருக்கா போறிய?”

அம்மா அப்படியே திரும்பிவிட்டாள். “கைய வீசிட்டுப் போக நான் என்ன மில்லு மொதலாளி பொண்டாட்டியா? ஊரு சிரிக்கும்.”

“கண்ணு போனா இந்த ஊரா ஒன்னியக் கூட்டிட்டுப் போகும்?”

“கத்தாதட்டி. எனக்குக் கைய எங்க வைக்கன்னே தெரியல.”

முப்பது வருடம் புல்லும் விறகும் சுமந்தே இந்தக் கரையில் நடந்தவள். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கரையில் கிடந்த சுள்ளிகளை நானே பொறுக்கிக் கட்டி அவள் தலையில் வைத்தேன். ஒரு கைப்பிடிதான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மதகு வரை உட்காரவே இல்லை.

“வெரசா வாட்டி” என்றாள். நான்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.