சன்னலுக்கு வெளியே ஐந்து தட்டு

"இன்னிக்கும் சன்னலாண்டதான் நிக்கணுமா?" என்றான் மரியகுழந்தை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவன், கூழைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ஐடா, மகள் வின்னிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "இன்னியோட முடிஞ்சிது. இவ இன்னிலேர்ந்து பெஞ்சில குந்துவா. வாத்தியாரு வாக்கு குடுத்துகீறாரு."

"குடுப்பாரு, குடுப்பாரு" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்று வாரமாக வெயிலில் நின்று ஐடாவுக்குக் கால் வீங்கியிருந்தது. நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவள், சுரங்கக் கூலிகள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அவள் ஒருத்திதான். வேலூர் மிஷன் ஹாஸ்டலில் படித்தவள். தாமோதரன் வாத்தியாருக்கே அது வராது. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருகிறார் என்றதும் வாத்தியாரே லைன் வரைக்கும் வந்து, வின்னிக்குப் பெஞ்சில் இடம் தருவதாகச் சொல்லி ஐடாவைக் கூப்பிட்டார். ஆனால் அது கிளார்க்குகள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பறையர் வீட்டுப் பெண் உள்ளே வந்தால் தீட்டாம். அவள் குரலுக்குத் தீட்டு இல்லையாம். நல்ல சட்டம்தான்.

அதனால் சன்னலுக்கு வெளியே நின்றே சொல்லிக்கொடுத்தாள். வார்த்தையை உடைத்து, துண்டுக்கு ஒரு தட்டு. அழுத்தம் விழும் துண்டுக்கு மட்டும் ஓங்கி ஒரு தட்டு. 'எக்ஸாமின்' என்றால் அழுத்தம் நடுவில். அதன் வாலில் 'ஏஷன்' ஒட்டினால் 'நே'க்குப் போய்விடும். எக், ஸா, மி, நே, ஷன். பிள்ளைகள் அவள் கையைப் பார்த்தே சொல்லப் பழகிவிட்டார்கள்.

துரை வரும் நாளான அன்று வாசலிலேயே வாத்தியார் மறித்தார். "மத்த புள்ளைங்களப் பெத்தவங்க ஒத்துக்கல ஐடா. பொண்ணும் உன்னோட சன்னலாண்டயே நிக்கட்டும், போ."

ஐடாவுக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

துரை வந்து, பலகையில் 'எக்ஸாமினேஷன்' என்று எழுதி வாசிக்கச் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் சன்னல் பக்கம் திரும்பினார்கள். ஐடா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துரையும் திரும்பிப் பார்த்தார்.

வாத்தியார் சன்னலுக்கு ஓடி வந்தார். "கை தட்டு, ஐடா" என்று மெதுவாகக் கெஞ்சினார்.

"உள்ள வந்து தட்றேங்க."

வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து வாசலுக்கு வந்தாள். துரை எதிரில் வாத்தியார் என்ன செய்வார்? இத்தனை நாளாக 'வா, போ' என்றவர், "வாங்க" என்றார். துரை போனதும் அந்த மரியாதையும் போய்விடும், பெஞ்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கழுவட்டும். வின்னியை முன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஐடா முதல் தட்டைத் தட்டினாள்.