டெக்னீஷியன் நாளை வருவார்

'வருவார்' என்பதற்கு பிரெஞ்சில் வியாந்த்ரா. வெனீர் என்று சாதுவாக இருக்கிற வினைச்சொல், எதிர்காலத்துக்குப் போனதும் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மார்க் அள்ளலாம் என்று பள்ளியில் தமிழை விட்டு பிரெஞ்சு எடுத்தவள் நான். அதன் பலனை ஆறு மாதமாகப் பெருங்குடி கால் சென்டரில் அனுபவிக்கிறேன். ஹீட்டர் கெட்டுப்போன பிரான்ஸ்காரர்களுக்கு ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறேன், டெக்னீஷியன் நாளை வியாந்த்ரா என்று. முதல் மாதம் 'வெனிரா' என்று உளறி வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீம் லீடர் காஷிஃப்தான் வியாந்த்ரே வருவேன், வியாந்த்ரா வருவார், வியாந்த்ரோன் வருவோம் என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினான். இப்போது வார்த்தை சரியாக வருகிறது. டெக்னீஷியன்தான் வருவதில்லை.

அன்று எனக்குக் கடைசித் தேர்வு. ஓர் அழைப்பை காஷிஃப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். தேறினால் வேலை நிரந்தரம், அம்மாவின் பெயரும் இன்ஷூரன்ஸில் ஏறும். பாலவாக்கத்தில் மீன் கூடையோடு குந்திக் குந்தியே அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஆபரேஷனுக்கு வேறு வழி கிடையாது.

லைனில் வந்தவர் மதாம் ரெனோ. எண்பத்தொரு வயது, தனியாக இருப்பவர். ஜனவரிக் குளிரில் பதினோரு நாளாக ஹீட்டர் இல்லை.

"நாளை வருவார் என்று மூன்று பேர் சொன்னீர்கள். அதில் ஒருவர் நீங்கள், குரல் தெரிகிறது" என்றார். "தங்கை அவள் ஊருக்குக் கூப்பிடுகிறாள். மாலையில் ரயில். அவர் வருவார் என்றால் போகாமல் காத்திருப்பேன். நிஜத்தைச் சொல்லுங்கள், வருவாரா?"

ஸ்பேர் பார்ட் பிப்ரவரியில்தான் வரும் என்று திரையில் இருந்தது. காஷிஃப் மஞ்சள் சீட்டை விரலால் தட்டினான். எனக்கு அப்படியோர் அசதி. அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல வாயில் தெம்பில்லை.

"வரமாட்டார் மதாம். ரயிலைப் பிடியுங்கள்" என்றேன்.

'மெர்சி' என்று நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார்.

"இன்னா ஜாஸ்மின், ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்றான் காஷிஃப்.

"அந்தம்மா குளிர்ல கெடக்கும், காஷிஃப்."

அவன் படிவத்தை நிரப்பினான். உச்சரிப்பு பத்துக்குப் பத்து, இலக்கணம் பத்துக்குப் பத்து, கம்பெனி சொன்னபடி பேசியதற்கு சைபர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவனும் களைத்துத்தான் போயிருந்தான்.

"எச்ஆர்ல நாளைக்குக் கூப்பிடுவாங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். யாரிடம் சொல்கிறான் பாருங்கள்.

டீ குடிக்கக் கீழே இறங்கினேன். அம்மா போன் செய்தாள்.

"பாஸாய்ட்டியா கண்ணு? இன்னிக்கு எழுந்துக்கவே முடியல. ஆபரேஷன் எப்போ பண்ணுவாங்களாம்?"

"அடுத்த மாசம் பண்ணுவாங்கம்மா" என்றேன்.

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது.