எட்டாவது முகம்

மனோரமா டீச்சருக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது? செஞ்சிக் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் சம்பந்தத்தின் மகள். அந்தத் தெருவிலேயே டிரெயினிங் முடித்து டீச்சர் வேலைக்குப் போன முதல் பெண். ஒவ்வொரு காந்தி ஜெயந்திக்கும் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று, மனுஷரில் மேலென்ன கீழென்ன என்று கால் மணி நேரம் பேசுவாள். அதெல்லாம் வேஷமில்லை, மனசாரத்தான் பேசினாள். அதனால்தான் அறுபத்தாறாம் வருஷத்து ஆண்டு விழாவில் அவள் செய்த காரியம் அவளை அந்தப் பாடு படுத்தியது.

விழாவுக்கு மூன்றாம் வகுப்புப் பெண்களின் கோலாட்டம் என்று முடிவாகியிருந்தது. எட்டுப் பேர், நாலு ஜோடி. ஒரு மாதமாகப் பழக்கியாகிவிட்டது. விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டது. ஏழு பேரை வைத்துக்கொண்டு கோலாட்டம் ஆட முடியாது. அப்போதுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மங்கை என்ற பிள்ளை டீச்சரின் கண்ணில் பட்டாள். கையில் கோல் இல்லை. இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அடி பிசகவில்லை.

மங்கை காலனிப் பெண். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வீடு. அப்பன் பச்சைமுத்துவும் அம்மா பூவாயியும் கடைத்தெருக்காரர்களின் நிலத்தில்தான் கூலி வேலை செய்தார்கள். அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாக டீச்சர் சொன்னதும் தலைமை ஆசிரியர் தாண்டவராயன் மேஜையைத் தட்டினார். "பேஷா சேத்துக்கோம்மா. எவன் இன்னா கேட்டாலும் எங்கிட்ட அனுப்பு."

யாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடைத்தெருவில் பான்சி ஸ்டோர் வைத்திருப்பவரின் மனைவி உண்ணாமலை மட்டும் முகத்தைச் சுளித்தாள். அவள் மகள் வள்ளியம்மைதான் மங்கைக்கு எதிரே ஜோடியாக நிற்க வேண்டும். பிறகு அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். "கோலும் கோலும்தானே தட்டிக்குது. கைய கோத்துக்கினா ஆடறாங்க?" என்றாள். இந்தச் சமாதானம் காதில் விழுந்தபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஜனங்கள் எப்போது திருந்தப்போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள். தான் அந்த ஜனங்களில் ஒருத்தி இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

விழா அன்று சாயங்காலம் நாலு மணிக்கே மேடைக்குப் பின்னாலிருந்த வகுப்பறை அமளிதுமளிப்பட்டது. பவுடர், கண்மை, சாந்து, கன்னத்துக்கும் உதட்டுக்கும் சிவப்பு எல்லாம் உண்ணாமலை வீட்டு உபயம். புத்தம்புதுப் பவுடர் பஞ்சு ஒன்றும் வந்திருந்தது. கோழிக்குஞ்சு மாதிரி மெத்தென்று இருந்த அதைப் பிள்ளைகள் ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பொட்டைத் தவிர வேறெதையும் பூசிக்கொண்டு வரக் கூடாது என்று வருஷம் முழுக்க அதட்டுகிற டீச்சரே இன்று பூசிவிடப் போகிறாள். அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

டீச்சர் வரிசையாக நிற்க வைத்தாள். இடது கையால் முகவாயைப் பிடித்து நிமிர்த்துவாள். முதலில் தேங்காயெண்ணெயைப் பட்டும் படாமலும் தடவி, துணியால் ஒற்றி எடுப்பாள். அப்போதுதான் பவுடர் ஒட்டும், இல்லாவிட்டால் வேர்வையில் திட்டுத்திட்டாக இறங்கிவிடும். பிறகு பஞ்சு, பிறகு மை, பிறகு சிவப்பு, கடைசியில் பொட்டு. ஒவ்வொரு முகமாக முடிந்து, ஏழு பிள்ளைகளும் ஒரே கண்ணாடியை இழுத்து இழுத்துப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவதாக மங்கை வந்து நின்றாள்.

பம்பில் மூன்று தடவை முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். முன்னே நின்ற ஏழு பேருக்கும் நடந்ததைப் பார்த்திருந்தாள் அல்லவா? டீச்சர் சொல்வதற்கு முன்னாலேயே கண்ணை இறுக மூடி முகவாயைத் தூக்கிக் காட்டினாள்.

டீச்சரின் கை அந்த முகவாயைப் பிடிக்கப் போனது. அந்த நேரம் பார்த்து வாசற்படியிலிருந்து உண்ணாமலையின் குரல் வந்தது. "டீச்சரம்மா, எம் பொண்ணுக்கு ஏற்கெனவே மூக்குல வேர்த்துப் போச்சு. மேடை ஏறறதுக்கு முன்ன இன்னொரு வாட்டி போடணும் பாருங்க. அந்தப் பஞ்சாலதானே போடுவீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள், அதட்டவில்லை, வையவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு அம்மாக்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெருவில் தினமும் முகம் பார்க்கிற மனுஷிகள். 'ஆமாம், இதே பஞ்சால்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காந்தி ஜெயந்திக்குக் கால் மணி நேரம் பேசுகிற வாய்தானே? அந்த வாய் திறக்கவில்லை. கை பாட்டுக்குத் திரும்பி வந்து பவுடர் டப்பாவை எடுத்து, ஒரு காகிதத்தில் கொஞ்சம் கொட்டியது. அதன் ஓரத்தில் துளி மை, துளிச் சிவப்பு.

"மங்கை, நீதான் கெட்டிக்காரியாச்சே. நீயே போட்டுக்கோ. டீச்சருக்கு நேரமில்ல."

மங்கை கண்ணைத் திறந்தாள். தூக்கிய முகவாய் மெதுவாக இறங்கியது. "எப்பிடி டீச்சர்?" என்றாள்.

"மத்தவங்களுக்குப் போட்டதப் பாத்தேல்ல? அதே மாதிரிதான். ஓடு, ஓடு."

இரண்டு கையாலும் காகிதத்தை ஏந்திக்கொண்டு மங்கை வெளியே போனாள். யார் மனசும் நோகாமல் சமாளித்துவிட்டோம் என்று டீச்சருக்கு ஒரு நிம்மதி வந்தது. பின்னாளில் அவள் மிகவும் வெட்கப்பட்டது இந்த நிம்மதியை நினைத்துத்தான்.

எண்ணெய் கொடுக்க மறந்துவிட்டாள். கண்ணாடியும் உள்ளேதான் இருந்தது. மங்கை தண்ணீர்த் தொட்டியில் குனிந்து பார்த்துப் பூசிக்கொண்டாள் போலிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. மணியடித்ததும் எட்டுப் பேரும் ஓடி மேடையேறினார்கள், படுதா விலகியது.

முதலில் முன்வரிசையில் ஒரு களுக். பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது. ஏழு ரோஜா முகங்களுக்கு நடுவே மங்கையின் முகம் வேர்வையில் ஊறித் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. மை கன்னத்துக்கு இறங்கி, சிவப்பு உதட்டைத் தாண்டி மூக்குவரை ஏறியிருந்தது. "கூத்துக் கோமாளி வந்துட்டான்டோய்!" என்று கூட்டத்திலிருந்து எவனோ கத்தினான். தாண்டவராயன் எழுந்து நின்று அதட்டியும் சிரிப்பு அடங்கவில்லை.

மங்கை பாதிப் பாட்டு வரைக்கும் அது பாராட்டு என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அவளும் சிரித்துக்கொண்டே ஆடினாள். அப்புறம் எதிரே நின்ற வள்ளியம்மையும் தன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டாள். உடனே அவள் சிரிப்பு நின்றது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் ஒரு தட்டுத் தப்பாமல் ஆடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். படுதா ஓரத்தில் நின்றிருந்த டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

இறங்கினதும் போய்த் தேடினாள். மங்கை பம்படியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பூவாயி பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பூவாயி பம்பை விட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, நாலடி தள்ளி நின்றாள்.

"மன்னிச்சிக்குங்க டீச்சரம்மா. பெரிய மனசு பண்ணி எம் பொண்ணையும் சேத்து ஆட வெச்சீங்க. பவுடர் போடத் தெரியாத கழுத, நாலு பேரு முன்ன உங்க பேரக் கெடுத்துடுச்சி."

டீச்சர், தப்பு என்னுடையது என்று சொல்ல வந்தாள். எந்தத் தப்பு என்று பூவாயி கேட்டால் என்ன சொல்வது? கேட்க மாட்டாள். அவளுக்குத் தெரியாததா? டீச்சர் "பரவாயில்ல" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது, தப்புச் செய்த தானே பூவாயி கேட்ட மன்னிப்பை வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டோம் என்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குரூப் போட்டோ. திண்டிவனத்திலிருந்து போட்டோக்காரர் இராமச்சந்திரன் வருகிறார், கோலாட்டப் பிள்ளைகள் அதே உடையில், அதே ஒப்பனையோடு நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தது. அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் டீச்சர் அன்று சாப்பாட்டையே உள்ளே தள்ளினாள். நாளைக்கு மங்கையைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். முகவாயைப் பிடித்து, எண்ணெய் தொட்டு, அந்தப் பஞ்சாலேயே போட வேண்டும். அதே பஞ்சால் அடுத்தது வள்ளியம்மைக்கு. உண்ணாமலை வாசலில் நின்று பார்க்கட்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்பதைக் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உண்ணாமலை வரவே இல்லை. கடையில் சரக்கு இறங்குகிறதாம். வாசற்படி காலியாகக் கிடந்தது. யாருக்காகப் பயந்தோமோ அவளுக்கு இந்தச் சமாசாரம் நேற்றோடு மறந்து போயிருந்தது.

"மங்கை, நீ வா முதல்ல," என்று டீச்சர் கூப்பிட்டாள்.

மங்கை வந்தாள். டீச்சர் கையில் எடுத்த எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். மங்கையின் முகத்தில் ஏற்கெனவே ஒரே சீராகப் பவுடர் பூசி, புருவம் வில்லாக எழுதி, கண்ணுக்கு மெல்லிசாகக் கோடிழுத்து, கன்னத்தில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு சிவப்பு. டீச்சருக்கே அப்படிப் போட வராது.

"பெரிய நைனா போட்டு வுட்டாரு டீச்சர். அவரு கூத்துல துரோபத வேஷம் கட்றவரு," என்றாள் மங்கை. "உங்களுக்குச் செரமம் வேணான்னு காலையிலயே போட்டுக்கினு வந்துட்டேன்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. எட்டு வயசுக் குழந்தை, வீட்டுப்பாடம் முடித்துவிட்டதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில் டீச்சரின் வாய்க்குள்ளேயே கிடந்தது. மற்ற ஏழு பேருக்கும் போட்டு முடித்தாள்.

மைதானத்தில் ராஜகிரி மலை பின்னால் தெரிகிற மாதிரி பெஞ்சு போட்டிருந்தார்கள். நடுவில் தலைமை ஆசிரியரும் டீச்சரும், பின்னால் எட்டுப் பேர். மங்கை தானாகவே போய் ஓரத்தில் நின்றுகொண்டாள். இராமச்சந்திரன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"டீச்சர், அந்தக் கடசிப் பொண்ணுக்குப் பொட்டு கோணலா இருக்குது. கொஞ்சம் சரி பண்ணி வுடுங்க."

டீச்சர் சாந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கடவுளே, இதையாவது விட்டு வைத்தாயே என்று நினைத்தாள். கையை நீட்டினாள். மங்கை சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர், நானே பண்றேன். உங்க கையில ஒட்டிக்கும். அப்புறம் வள்ளியம்மையத் தொட முடியாதில்ல?"

உதவியாகத்தான் சொன்னாள். சத்தமாகவும் சொன்னாள். தாண்டவராயன் திரும்பிப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதற்குப் பதிலாக அவர் நாலு அறை அறைந்திருக்கலாம்.

"ஒட்டட்டும்," என்றாள் டீச்சர். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. குனிந்து மங்கையின் முகவாயைப் பிடித்தாள். நேற்று தூக்கிக் காட்டிய அதே முகவாய். இன்று அது தூக்கவில்லை. மங்கை கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அம்மை ஊசி போடுகிறவரிடம் நிற்பதுபோல் விறைத்து நின்றாள். டீச்சர் பொட்டைத் துடைத்துவிட்டு, சாந்தைத் தொட்டு நேராக வைத்தாள். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

கையை எடுத்ததும் மங்கை மூச்சு விட்டாள். பிறகு, டீச்சர் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை, குனிந்து தன் பாவாடையின் ஓரத்தைத் தூக்கி நீட்டினாள்.

"தொடச்சிக்குங்க டீச்சர்."

டீச்சர் துடைத்துக்கொள்ளவில்லை. வந்து பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சிவந்த விரலை மடியின் மேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரிக்கச் சொல்லி இராமச்சந்திரன் கத்தினார். பின்னால் ஏழு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டாவது முகம் சிரித்ததா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.