ஏரிக்கரைக் கழனிக்கு மருந்து அடிப்பது யார்?

1

இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. சுற்றுச்சூழல் மலர் ஒன்றுக்காகப் போன் செய்த தம்பி, "தொழில்நுட்பமும் வளரணும், இயற்கையும் வாழணும். ரெண்டு பக்கமும் நியாயமா இருக்கட்டும் சார்" என்றார். அடடா, என்ன சுலபம்! சரி என்று சொல்லிவிட்டு, கேளம்பாக்கத்தில் ஒன்பதாம் மாடியில் ஏசியைப் போட்டுக்கொண்டு இயற்கையைக் காப்பாற்ற உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'பொழுது புலர்ந்தும் புலராத வேளையில், நாரைகள் வானத்தில்

வேண்டாம். இதை நீங்கள் நூறு தடவை படித்திருப்பீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'ஜாய்ஸின் முதுகில் எந்தச் சுமையும் இல்லை. அதுவே அவளுடைய

இதுவும் முடியவில்லை. ஆனால் ஜாய்ஸ் வந்துவிட்டாள். வந்தவளைப் போ என்று சொல்ல முடியுமா?

2

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே ஓர் ஏரி. (ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்.) மழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரைகள் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். அதனால் அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. சாவு ஊர்வலம்கூட ஏரிக்கரை வந்ததும் மேளத்தை நிறுத்திவிடும். யாரும் போட்ட சட்டமல்ல. பறவை எச்சம் கலந்த தண்ணீர் கழனிக்கு உரம் என்று கண்டவர்களின் பழக்கம்.

ஜாய்ஸ் அந்த ஊர்ப் பெண். சென்னையில் பயிற்சி எடுத்து, லைசென்ஸ் வாங்கி, நெல்லுக்கு ட்ரோனில் பூச்சி மருந்து அடிக்கிறாள். அவளுடைய அப்பா தேவசகாயம் காலமெல்லாம் பிறத்தியார் கழனியில் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு அதே மருந்தை அடித்தவர். ஒருநாள் வரப்பிலேயே விழுந்தார். நுரையீரல் போய்விட்டது, இனி மருந்து வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது தெருமுனைக்குப் போவதற்குள் மூச்சு வாங்க நின்றுவிடுகிறார். எந்த முதுகிலும் இனி அந்த டேங்க் ஏறக் கூடாது என்றுதான் ஜாய்ஸ் ட்ரோன் கற்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். இவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாளே? ஒரு தப்பு செய்யட்டும்.

3

செய்தாள். மார்கழியில் புகையான் பூச்சி விழுந்தது.* ஏரிக்கரையை ஒட்டிய கழனி தாமோதரனுடையது. காய்ந்த இடம் கரை மட்டும்தான் என்பதால் ஜாய்ஸ் அங்கிருந்து ட்ரோனைக் கிளப்பினாள். பட்டாசுதானே கூடாது, இது வெடிக்காதே என்று நினைத்தாள். ஊரே அப்படித்தான் நினைத்து, கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

ட்ரோன் எழும்பியதும் அத்தனை நாரைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. உதறி எழுந்த வேகத்தில் குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன. விழாதவற்றைக் காக்கைகள் கொத்தின. ஜாய்ஸ் ட்ரோனை இறக்கிவிட்டு, ஏரியில் இறங்கி ஒரு குஞ்சை எடுத்தாள். அது கையிலேயே செத்தது. அவள் விம்மி விம்மி அழுதாள்.

(இங்கே ஒரு பத்தி அழகாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். செத்த குஞ்சை வைத்து அழகு காட்டுவது அசிங்கம்.)

சாயங்காலம் ஊர் கூடியது. ஏரிக்கரையில் இனி ட்ரோன் கூடாது என்றார்கள். முதலில் தலையாட்டியது ஜாய்ஸ்தான்.

* மருந்தே அடிக்காமல் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இவ்வளவு பரவிய பிறகு விட்டால் பயிர் தீய்ந்த வைக்கோலாகிவிடுமாம். அந்த மருந்து நாரை தின்னும் நத்தைக்கும் போகும், அதுவும் தெரியும். கதையில் சுத்தமான கை யாருக்கும் இல்லை.

4

முதல் வரைவில் தாமோதரனை வில்லனாக்கினேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. மறுநாள் தேவசகாயம் வீட்டு வாசலில் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"குஞ்சுங்க வுயுந்தத பாத்ததுலேர்ந்து எனுக்கு சோறு எறங்கல, தேவசகாயம். ஆனா கயனி போய்க்கினு கீதேப்பா. டேங்க் தூக்கறவனெல்லாம் கம்பெனி வேலைக்குப் பூட்டானுங்க. ஒரே ஒரு தபா..."

"நான் அடிச்சிக் குடுக்கறேன்" என்றார் தேவசகாயம்.

ஜாய்ஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "இன்னாப்பா பேசற? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"உன்னாலதான் குஞ்சு செத்துச்சுன்னு ஊரு பேசிக்கினு கீது. நான் அடிச்சிட்டா அந்தப் பேச்சு அடங்கும்மா."

அப்பாவின் பாசத்தைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

5

மலருக்கு முடிவு வேண்டும். என் கையில் இருப்பவை:

சத்தமே போடாத புது ட்ரோன் வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். தம்பிக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஜாய்ஸ் யாருக்கும் தெரியாமல் மறுபடி பறக்க விடுகிறாள். 'இறக்கைகள் சுழலத் தொடங்கியதும், கூட்டில்

எனக்குக் கை வரவில்லை.

தேவசகாயம் போகிறார். நாரைகள் தலையைக்கூடத் திருப்பவில்லை. பாதிக் கழனியில் அவர் குப்புற விழுகிறார். இயற்கை பிழைத்தது, சுபம். இதை எழுதி முடித்ததும் ஜாய்ஸ் என் சட்டையைப் பிடித்தாள். "குஞ்சு செத்ததுக்கு ஊரே கூடுச்சு. எங்கப்பா செத்தா யாரக் கூட்டுவ சார்?"

பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்!

6

எனவே இதுவரைதான் எழுத முடிந்தது:

காலையில் தேவசகாயம் மருந்தைக் கலந்து, டேங்க்கில் ஊற்றி, ஒரு பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அடுத்த பட்டையை ஜாய்ஸ் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுப்பா. நான் அடிக்கறேன்."

"நீயா? உன்னையும் இத்தத் தூக்க வெக்கவா படிக்க வெச்சேன்? வுடும்மா."

"மாட்டேன்."

டேங்க் இருவருக்கும் நடுவில் ஆடுகிறது. மருந்து தளும்பி இருவர் கையிலும் வழிகிறது. தேவசகாயத்துக்கு இப்போதே இருமல் வந்துவிட்டது. தாமோதரன் கரையில் நின்று தன் கழனியைப் பார்க்கிறார். ஏரியில் நாரைகள் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுகின்றன.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். தம்பி கோபித்துக்கொண்டாலும் சரி. நீங்கள் எந்தத் தோளைச் சொன்னாலும் அந்தக் கழனி விளையும், அரிசி கேளம்பாக்கத்துக்கு வரும், நானும் வாங்குவேன், நீங்களும் வாங்குவீர்கள். அதனால் கேட்கிறேன். அவருக்கு இருமல் நிற்கவில்லை, சீக்கிரம் சொல்லுங்கள். யார் தோளில்?